குண்டு யானையும் கோபக்கார மிஸ்ஸும்

எனக்குக் கோபமே வராது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (வீட்டில் வேறு யாரும் அதை நம்பியதில்லை.) அந்தத் தைரியத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கு, யு.கே.ஜி. டீச்சர் வேலைக்காக டெமோ வகுப்பு எடுக்கப் போனேன். ஏற்கெனவே இரண்டு இடங்களில் டெமோ ஊற்றிக்கொண்டுவிட்டதால், இதையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஒரே தவிப்பு.

பாடம்: யாரையும் கேலி செய்யக்கூடாது. எடமலைப்பட்டி புதூர் வீட்டில் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று, படக்கதைப் புத்தகத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பழகினேன். கதையில் ஒரு குட்டி யானை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு குரங்கு அதை, "ஏய் குண்டு, தள்ளிப் போ!" என்று விரட்டும்.

வகுப்பின் கடைசியில் தலைமையாசிரியை நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நான் குரங்குக் குரலில் கத்தித் தீர்த்துவிட்டு, யானை அழும் படத்தைக் காட்டி, "பாவம்ல?" என்றேன்.

கொழுகொழுவென்று ஒரு பையன் எழுந்தான். "யானையைப் போய் யாரு மிஸ் திட்டுவாங்க? அதுகிட்ட எல்லாரும் ஆசீர்வாதம்ல வாங்குவாங்க!"

கோயில் யானையைப் பார்த்து வளரும் பிள்ளைகள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவன் நேராக வந்து, படத்திலிருந்த தும்பிக்கைக்குக் கீழே தலையைக் கொடுத்தான். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் அவன் பின்னால் வரிசை கட்டியது. ஒருத்தி ஸ்நாக்ஸ் டப்பாவிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து யானையின் வாயில் தேய்த்தாள். பின்னாலிருந்தவர்கள் முண்டியடித்தார்கள். இரண்டாவது ஆசீர்வாதத்துக்கு வந்த அதே பையன் என் காலை நச்சென்று மிதித்தான்.

"ஏய் குண்டு, தள்ளிப் போ!"

சத்தியமாக என் குரல்தான். வரிசை அப்படியே நின்றது. வாழைப்பழக்காரி மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "மிஸ், இப்ப நீங்க குரங்கா?"

அவமானத்தில் காது சுட்டது. பையனின் உதடு பிதுங்குவதைப் பார்த்ததும் வேலையெல்லாம் மறந்துபோயிற்று. முட்டி போட்டு, "ஸாரிப்பா, மிஸ் அப்படிச் சொன்னது தப்பு," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு புத்தகத்தை வாங்கி, தும்பிக்கை படும்படி என் தலையில் வைத்தான்.

"ஆசீர்வாதம் மிஸ். அழாதீங்க."

"போன் பண்றோங்க," என்றார் தலைமையாசிரியை. அது இன்னும் வரவில்லை. (டவர் பிரச்சினையாக இருக்கும்.) இப்போது வேறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறேன், யானை இல்லாத கதையாகப் பார்த்து. ஆனால் வீட்டில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், என் கணவர் கையில் கிடைக்கும் புத்தகத்தை எடுத்து வந்து என் தலையில் வைத்துவிடுகிறார். போன வாரம் கேஸ் சிலிண்டர் புத்தகம். வைத்த கையோடு வாழைப்பழமும் கேட்கிறார்.