கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு

“பீரோவைத் தொடாதீங்க மேடம்!”

மன்ஸூரா நகர ஆசிரியர் பயிற்சி மையத்தின் ஸ்டோர் கீப்பர் ஷெனூதா, இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார். பீரோவுக்குள் முப்பது டேப்லெட்கள். வந்து ஒரு வருடமாகியும் பிளாஸ்டிக் உறை பிரியவில்லை. அரசாங்கச் சாமானில் கீறல் விழுந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஷெனூதாவுக்கோ ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கெய்ரோ இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டிருக்கார். பயிற்சிக்கு வந்திருக்கற டீச்சருங்க டேப்லெட்ல பாடம் நடத்தறதை அவர் பார்க்கலைன்னா என் வேலை போயிடும்,” என்றாள் பயிற்சியாளர் இன்ஸாஃப்.

“உங்களுக்கு வேற வேலை கிடைக்கும். எனக்கு வேற பென்ஷன் கிடைக்குமா?”

வேறு வழி? அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். ஆசிரியர்கள் அட்டையை விரலால் தள்ளித் தள்ளிப் பழகினார்கள். ஒருவர் எழுந்து, “எனக்கு நெட் வரலை மேடம்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் பஹ்கத் நுழைந்தார். பின்னாலேயே அவருடைய டிரைவர் ஃபவ்ஸி.

“என்னம்மா இது?”

“ஒத்திகை சார். நிஜம் இதோ வருது!”

இன்ஸ்பெக்டரே நின்றதால் ஷெனூதா பீரோவைத் திறந்தார். ஆனால் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்றார். போட்ட பிறகு ஒருத்தரும் உறையைப் பிரிக்கவில்லை. கணக்கு டீச்சர் நஷ்வா, டேப்லெட்டைக் கைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டாள்.

“வெளியே எடுங்க நஷ்வா!”

“கீறல் விழுந்தா என் புருஷனுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?”

இன்ஸாஃபுக்கு அழுகையே வந்துவிட்டது. “எல்லாத்தையும் என் பேர்ல எழுதுங்க அண்ணே! இப்பவாவது பிரிச்சுத் தொலைங்க!”

முப்பதுக்கும் அவளே கையெழுத்துப் போட்டாள். ஆசிரியர்கள் நிம்மதியாக உறையில் கை வைத்தார்கள். எங்கோ ஒரு உறை டர்ரென்று கிழிந்தது.

“ஐயோ, யாரும் தொடாதீங்க!”

அலறியது இன்ஸாஃப்தான். ஓடிப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி, மேசையில் குவித்து, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். ஷெனூதா முதல்முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிவிட்டு வெளியேறினார். வேலை போயே போய்விட்டது என்று இன்ஸாஃப் விசும்பினாள்.

டீயைக் குடித்து முடிப்பதற்காகப் பின்தங்கிய டிரைவர் ஃபவ்ஸி, அவள் பக்கம் குனிந்து சொன்னான்:

“அழாதீங்க மேடம், சார் எல்லா ஊர்லயும் பாஸ்தான் போடுவாரு. நீங்க கட்டிப்பிடிச்சிருக்கறது கடையில ஷோவுக்கு வைக்கிற பிளாஸ்டிக் பொம்மை, நிஜ டேப்லெட்டெல்லாம் கெய்ரோவுல அவர் பீரோவுல பூட்டிக் கிடக்கு... அவரும் கையெழுத்துப் போட்டவர்தானே!”