நுணுக்குக்காட்டியில் ஒரு சம்பந்தம்

நீதியை விரும்பும் பெருமக்களே, கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள்! துறைமுக லிகிதர் சவுந்தரநாயகத்தின் வீட்டு முன்னறையில், அவருடைய மகள் றோஸியின் தலையிலிருந்து மூன்று முடிகள் பிடுங்கப்படும் கொடுமையைக் கண்ணாரக் காணுங்கள்! பிடுங்குபவர் மெற்றில்டா; ‘கனடா மாப்பிள்ளையின்ர தாய்’ என்று அன்று காலை கையில் ஒரு படத்தோடு படியேறியவர்.

“ஆ! நோகுது, அன்ரி!”

“பொறு, பிள்ளை. சாயமோ, சொந்த நிறமோ எண்டு கொள்ளுப்பிட்டி லாப்பில நுணுக்குக்காட்டியால பார்க்கவேணும். என்ர மகன் நோபேட்டுக்கு எல்லாம் அசலா இருக்கவேணும்.”

அடையாள அட்டை கேட்டு இராணுவம் கதவு தட்டாத ஒரு தேசத்துக்கு மகளை அனுப்பிவிட வேண்டும்! அந்த ஏக்கத்தின் முன்னே மூன்று முடி சவுந்தரநாயகத்துக்கு அற்பமாகத் தோன்றியது.

இரண்டாம் நாளே மெற்றில்டா முடிவோடு வந்தார்.

“எண்ணெய் அப்பிக் கிடக்காம், அண்ணை. முடியின்ர செதில் ஒண்டும் தெரியேல்லையாம். இன்னும் பத்து முடி தாங்கோ.”

சவுந்தரநாயகம் விட்டாரா? மகளை இருமுறை ஷாம்பூ போட்டு முழுக வைத்தார். மணக்கட்டும் என்று முடிப் பொட்டலத்துக்குள் முகப்பவுடரையும் தூவினார்.

“முடி முழுக்க மாத் துகளாம்! எதை மறைக்கிறியள்?” மெற்றில்டா கொதித்தார். “இனி ஒரு கொத்துத் தந்தால்தான் கதை.”

மகளின் கூந்தலைக் காக்க, தகப்பன் தம் பிடரியிலேயே ஒரு கொத்தை நறுக்கி நீட்டினார். தாம் சாயம் பூசுவதை அந்தப் பதற்றத்தில் அடியோடு மறந்துபோனார்.

“மேல சாயமாம், உள்ள நரையாம்! உங்கட பிள்ளைக்கு என்ன வயசு, அண்ணை? முழுப் பின்னலையும் நுனிவரைக்கும் பார்த்தால்தான் இனிக் கலியாணம்!”

றோஸி சிரித்தாள். “டடி, அவர் கட்டப்போறது என்னையோ, என்ர பின்னலையோ?”

“நீ இந்த நாட்டைவிட்டுப் போனால்தான் எனக்கு நித்திரை வரும், மகள்.”

தகப்பனின் கண்களைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலைத் தானே எடுத்துப் பின்னலை வெட்டினாள்.

“இந்தாங்கோ. முதல்ல இது கனடா போகட்டும். நான் பிறகு போறன்.”

இம்முறை எவரையும் நம்பாமல் அவரே பின்னலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். சோதனைச் சாவடியில் பைக்குள் கையை விட்ட சிப்பாய் துள்ளிப் பாய்ந்தான்.

“மொக்கத மே?” இது என்னவென்று கத்தினான்.

“துவகே கொண்டே, மாத்தயா!” மகளின் முடிதான் என்று அவர் சிங்களத்தில் அலறினார்.

லாப்பில் கௌரி என்ற பரிசோதகர், பின்னலிலிருந்து ஒரு முடியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியைத் திருகினார்.

“அருமையான முடி! நீங்களே பாருங்கோ, ஐயா.”

ஒற்றைக் கண்ணை இடுக்கிக் குனிந்தார் சவுந்தரநாயகம். கூரைக்கு ஓடு வேய்ந்ததுபோல் செதில் மேல் செதில்! ஒரு துகள் இல்லை; ஒரு துளி சாயமில்லை!

“என்ர பிள்ளை அசல்! அசல்!” என்று குதித்தார். “அப்ப மாப்பிள்ளைக்கு இண்டைக்கே அறிவிக்கலாமோ?”

கௌரியின் முகம் வாடியது.

“ஐயா, இது வெளிநாட்டுக்குப் பொய்முடி செய்து அனுப்புற கொம்பனி. மெற்றில்டா எங்களுக்கு முடி பிடிச்சுத் தாறவ. முதலாளியிட்ட இந்த ஏமாத்தைச் சொன்னால், ‘முடி நல்லதுதானே’ எண்டுறார். இந்த மாசம் பின்னலோட வந்து மாப்பிள்ளையைக் கேட்கிற பதினோராவது தகப்பன் நீங்கள்.”

பெண்ணைப் பெற்றவர்களே, எழுந்து நில்லுங்கள்! அடுத்து உங்கள் படியேறி வருபவரிடம் மகளின் ஒற்றை முடியையும் கொடாதீர்கள். முதலில் அந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்து கண்ணாடித் தகட்டில் வைக்கச் சொல்லுங்கள்!