இடியண்ணன் நன்றி சொன்ன பத்து நாட்கள்

"நன்றி" என்றார் அவர்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்லையே. உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. காபி கொடுத்தே. நன்றி சொன்னேன்."

"முப்பத்தொரு வருஷமா கொடுக்கறேன். இன்னைக்கு என்ன புதுசா?"

"தோணிச்சு."

"உங்களுக்கா? தோணாதே! எங்கயாவது வலிக்குதா? மறைக்காம சொல்லுங்க."

அவள் பயந்ததில் தப்பில்லை. அவர் கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பதினெட்டு மாடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களை வாக்கி டாக்கியில் திட்டித் தீர்ப்பார். அதை அணைத்து வைத்தாலும் குரல் கீழே வந்து சேரும் என்பார்கள். அங்கே அவருக்கு இடியண்ணன் என்றுதான் பெயர். வீட்டிலும் இடிக்குக் குறைவில்லை.

முந்தின நாள் வருடாந்திர மருத்துவச் சோதனை. ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. டாக்டர் அவர் காதுமடலில் ஒரு க்ளிப்பை மாட்டினார். சுவரில் இருந்த திரையில் இதயத்துடிப்பு பல் போன ரம்பம் மாதிரி ஓடியது. பக்கத்தில் சிவப்பு விளக்கு.

"அஞ்சு எண்ணி மூச்சை இழுங்க, அஞ்சு எண்ணி விடுங்க" என்றார் டாக்டர். "கவனம் நெஞ்சுல இருக்கட்டும். நீங்க யாருக்கு நன்றியோட இருக்கணுமோ அவங்களை நினைங்க. சும்மா நினைச்சா போதாது, உள்ளே அது ஊறணும். அப்போ துடிப்பு அலை மாதிரி சீரா வரும், பச்சை எரியும். பத்து நாள் கழிச்சு வாங்க. பிரஷர் இறங்கி, மூணு நிமிஷம் பச்சை நின்னா சான்றிதழ்."

"நிக்கலைன்னா?"

"கூண்டு கிடையாது. தரையிலதான் வேலை."

இருபத்தாறு வருடம் மேலேயே இருந்தவருக்குத் தரை என்றால் மீனுக்குக் கரை. எப்படியாவது பச்சையை வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

டாக்டர் 'நினைங்க' என்றுதான் சொன்னார். ஆனால் கிரேன் வேலையில் மனதுக்குள் நினைத்தது எதுவும் செல்லாது. 'தூக்கு' என்று கீழிருப்பவர் வாயால் சொல்ல வேண்டும். 'தூக்கறேன்' என்று மேலிருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாதது நடக்காதது.

இன்னொன்றும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒன்று அவரிடமே தங்கிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் இருவருக்கும் ஒரே சைக்கிள். ஒன்பது வருடமும் அண்ணன்தான் மிதித்தார். இவர் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னார். ஒரு நாளாவது 'கால் வலிக்குதா?' என்று கேட்டதில்லை. அப்புறம் கேட்கலாம் என்று இருந்ததில் அண்ணன் முந்திக்கொண்டார். இருக்கிறவர்களிடமாவது வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

விஷயம் என்னவென்று மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அண்ணன் நெஞ்சுவலியில் போன நாளிலிருந்து 'நெஞ்சு' என்ற சொல் காதில் விழுந்தாலே அவள் முகம் வெளுத்துவிடும்.

அன்று அவர் தரையில் நின்றார். கூண்டில் ஏறியிருந்தவர் அவரைவிட இருபது வயது இளைய ஓட்டுநர். ஒரு கட்டு இரும்புக் கம்பியைப் பூப்போல இறக்கி வைத்தார். இடியண்ணன் வாக்கி டாக்கியை எடுத்தார்.

"அழகா இறக்கினேப்பா. ரொம்ப நன்றி."

கிரேன் நின்றது. கால் மணி நேரம் கழித்து, பதினெட்டு மாடி ஏணியையும் இறங்கி, மூச்சு வாங்க எதிரே வந்து நின்றார் அந்த ஓட்டுநர்.

"என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிடுங்கண்ணே. நாலு பேர் முன்னாடி திட்டுங்க, வாங்கிக்கறேன். இப்படிக் குத்திப் பேசாதீங்க."

"குத்திப் பேசலடா. மனசாரத்தான் சொன்னேன்."

"மனசாரவா?" அவர் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, உங்களுக்கு என்னண்ணே ஆச்சு?"

சாயங்காலத்துக்குள் இன்ஜினியர் வந்து அவர் தோளைத் தட்டி, "உடம்பைப் பாத்துக்குங்க. குடும்பம்தான் முக்கியம்" என்று கண் கலங்கிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் பிரஷர் பார்த்தபோது இன்னும் பத்து ஏறியிருந்தது.

அடுத்து மைத்துனர். பீரோவை மாடியேற்றும்போது யார் கையை விட்டது என்ற வழக்கில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கூடவே நின்ற மனிதர். இடியண்ணன் அவருக்கு ஃபோன் போட்டார்.

"மச்சான், அன்னைக்கு என் கூடவே நின்னீங்களே, அதுக்கு நன்றி."

"மாமா... அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"ஃபோனை அவகிட்ட குடுங்க. நீங்க உக்காருங்க. எழுந்திருக்காதீங்க."

மறுநாள் காலை ஒரு வாரத்துக்கான துணிப்பையோடு மைத்துனர் வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் இடியண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பீரோவை நான்தான் விட்டேன் மாமா. கை வழுக்கிடுச்சு. உங்களை விட்டா இதை யார்கிட்ட சொல்லுவேன்?"

சமையலறையில் அக்காவும் தம்பியும் ரகசியம் பேசினார்கள். அந்த வீட்டில் எல்லோருக்குமே குரல் பெரிசு. ரகசியம் கூடம் வரை வந்தது.

"இவங்க அண்ணனும் இப்படித்தான்டா. செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபோன் பண்ணி, 'என் தம்பியை இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டதுக்கு நன்றிம்மா'ன்னார். வெள்ளிக்கிழமை போயிட்டார்."

அண்ணன் அப்படிச் சொன்னது கூடத்தில் இருந்தவருக்கு அன்றுதான் தெரியும்.

வாயால் நன்றி சொல்வதை அத்தோடு நிறுத்தினார். இனி டாக்டர் சொன்னபடி மனதுக்குள்ளேயே. நாற்காலியில் சாய்ந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, ஐந்து எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விட்டார். அண்ணனையும் சைக்கிளையும் நினைத்தார். வியர்த்து நனைந்த அண்ணன் சட்டை முதுகு கண்ணுக்குள் வந்தது. முகத்தில் தானாகவே ஒரு சிரிப்பு பரவியது.

துவைத்த துணிகளோடு வந்த மனைவி கண்டது இதுதான்: நெஞ்சில் கை, மூடிய கண், ஆடாத உடம்பு, முப்பத்தொரு வருடத்தில் பார்த்திராத சாந்தமான சிரிப்பு.

அலறல் தெருக்கோடி வரை கேட்டது. மைத்துனர் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வந்து சேர்ந்தபோது, சொட்டச் சொட்ட வாசலில் நின்ற இடியண்ணன், "தொந்தரவு கொடுத்துட்டோம். வந்ததுக்கு நன்றிங்க" என்றார்.

"பாத்தியாடா! திரும்பவும் சொல்றார்!" என்று மனைவி தம்பியின் தோளில் சாய்ந்தாள்.

"மூச்சுப் பயிற்சி பண்ணேன், அவ்வளவுதான்!"

"மூச்சுக்கு எதுக்குங்க பயிற்சி? பொறந்ததுலேருந்து விட்டுட்டுத்தானே இருக்கீங்க? இப்போ அது சரியா வரலையா?"

சாயங்காலம் மகள் வெளியூரிலிருந்து ஓடி வந்துவிட்டாள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மைத்துனர் பழைய கதை பேசினார், மகள் சிரித்தாள். பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. டாக்டர் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தவர், நினைத்ததோடு நின்றிருக்கலாம்.

"உங்க எல்லாரையும் இப்படி ஒண்ணா பாத்துட்டேன். எனக்கு இது போதும்" என்றார்.

சோற்றில் கை வைத்தபடியே மூன்று பேரும் ஓவென்று அழுதார்கள்.

வேறு வழியில்லாமல் கிரேன், சான்றிதழ், பச்சை விளக்கு என்று உண்மையைக் கொட்டினார். ஒருவரும் நம்பவில்லை.

"பெரியப்பாவும் சாதாரண செக்கப்னுதான் சொன்னார்" என்றாள் மகள்.

பத்தாம் நாள் டாக்டரின் அறைக்குள் மனைவி, மகள், மைத்துனர் மட்டுமல்ல, தலைக்கவசத்தோடு அந்த இளைய ஓட்டுநரும் நுழைந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. "இனி பச்சை வந்தா போதும்" என்று டாக்டர் திரையின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

திரையைப் பார்த்ததும் மனைவிக்குத் தலை சுற்றியது. அவருக்காகப் போட்டிருந்த இருக்கையிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கையிலிருந்த க்ளிப்போடு நர்ஸ் அவளிடம் ஓடினாள். மகள் விசும்பினாள். மைத்துனர், "டாக்டர், எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றார். ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

அந்தத் தலைக்கவசத்தைப் பார்த்ததும் இடி இறங்கியது.

"யாருடா செத்துட்டா இங்க? தொப்பியை மாட்டுடா! மேலே கூண்டைப் பூட்டினியா இல்ல அப்படியே தொறந்து போட்டுட்டு வந்தியா? மச்சான், பீரோவைத்தான் போட்டீங்க, என் மானத்தையுமா போடணும்? பச்சைத் தண்ணிய தலையில ஊத்தினதுக்கே இன்னும் தும்மிட்டிருக்கேன்! ஏம்மா, உனக்கு வேலை வெட்டி இல்ல? அப்புறம் நீ! ஒரு மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொன்னா 'சரி'ன்னு வாங்கி வச்சுக்கத் தெரியாதா? ஆம்புலன்ஸ் வர்ற அளவுக்கு அலறுவியா? நான் எங்கேயும் போகல! இன்னும் முப்பது வருஷம் உன் உயிரை வாங்கிட்டு இங்கேதான் இருப்பேன்!"

மூன்று நிமிடம் நிற்காமல் பொழிந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டாக்டர் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரம்பம் மெல்ல அலையானது. அலை ஒன்றைப் போல் ஒன்று வந்தது. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது, எரிந்தபடியே நின்றது.

"இந்த மாதிரி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்லை" என்றார் டாக்டர் வியப்போடு. "திட்டிக்கிட்டே இப்படி ஒரு அமைதியா!" சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்போடு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றாள் நர்ஸ். "உங்க காதுல இருக்கிற க்ளிப்பைக் கழட்டிக்கறேன்."