கேசரியை மூடிய துணி

எனக்கு யார் மேலும் நீண்ட நாள் கோபம் நிற்காது. வீட்டு ஓனர், ஆட்டோக்காரர், என் நாத்தனார் எல்லாரையும் மன்னித்துவிட்டேன். ரவா கேசரியை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன், நானும் என் தோழி ஷபானாவும் மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிரெச் ஆரம்பித்தோம். ஷபானா திருவல்லிக்கேணிக்காரி. நர்சரி டீச்சராக இருந்தவள், அவளுக்குக் குழந்தைகளைப் பற்றி எல்லாம் தெரியும். எனக்குக் கொள்கை தெரியும். பிளாஸ்டிக் கிடையாது, சர்க்கரை கிடையாது, தூக்கியெறியும் டயப்பர் கிடையாது. வெள்ளைப் பருத்தியில் சதுரமாக வெட்டித் தைத்த துணிதான். மடித்துக் கட்டினால் நாப்பி. குப்பையும் சேராது, செலவும் ஏறாது, தொழில் தன் காலில் நிற்கும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொற்பொழிவு ஆற்றினேன். ஒவ்வொரு துணியின் மூலையிலும் எங்கள் போர்டில் இருக்கும் அதே பச்சை இலை, அதன் கீழே குழந்தையின் பெயர். ஷபானாவின் அம்மாதான் பூத்தையல் போட்டுக் கொடுத்தார். (நாப்பிக்கு எதுக்கும்மா எம்பிராய்டரி என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

கொள்கை அமோகமாக இருந்தது. குழந்தைகள்தான் இல்லை. வந்துகொண்டிருந்த ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு மேலே ஓட்ட முடியாது, இழுத்து மூட வேண்டியதுதான் என்று இருந்தபோது, பெருங்குடியில் ஒரு கம்பெனியிலிருந்து நிர்மலா மேடம் போன் செய்தார். அவர்களிடம் வேலை பார்க்கும் பல பெண்கள் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் குடியிருப்பவர்களாம். இடம் பிடித்திருந்தால் அத்தனை பேரின் குழந்தைகளையும் எங்களிடமே அனுப்பச் சொல்வதாகவும், நேரில் வந்து பார்க்க ஒரு நாள் சொல்லும்படியும் கேட்டார்.

நான் காலண்டரில் நல்ல நேரத்தை மட்டும் பார்த்து நாள் குறித்தேன். அதே தாளின் அடியில் அறுபத்து மூவர் விழா என்று போட்டிருந்ததை ஷபானாதான் பார்த்தாள்.

"அன்னிக்கு மயிலாப்பூர்ல கால் வைக்க எடம் இருக்காதுடி. வேற நாள் சொல்லு."

ஊர்வலம் மத்தியானத்துக்கு மேல்தானே, அவர் காலையிலேயே வந்து போய்விடுவார் என்று நான் சட்டம் பேசினேன். (நான் அடையாறில் பிறந்து வளர்ந்தவள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அறுபத்து மூவர் என்பது மறுநாள் பேப்பரில் வரும் போட்டோ.)

அன்று காலை வந்து பார்த்தால், எங்கள் கேட்டில் மூங்கிலைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கேட்கவில்லை, சொல்லவில்லை. குழந்தைகள் தூங்கும் அறை ஜன்னலுக்கு நேராக ஸ்பீக்கர். பந்தலுக்குள் அண்டா நிறையக் கேசரி, முன்னால் பரிமாற ஒரு பேசின், பக்கத்தில் பிளாஸ்டிக் கப்பில் ரோஸ் மில்க். சந்து முனை டீக்கடை குமார் அண்ணனின் ஏற்பாடு. வருஷா வருஷம் அதே இடத்தில்தான் போடுகிறாராம். வீட்டை வாடகைக்கு விடும்போது ஓனர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

குழந்தைகள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் கம்பிக்குள் கையை விட்டு எதையாவது திணித்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் ஊதல்கள் வாங்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார். நான் ஓடி ஓடிப் பிடுங்கினேன். முன்பின் தெரியாத ஒரு மாமி, "பிரசாதத்த வேண்டாங்கப்படாதும்மா" என்று என்னை அதட்டிவிட்டு நிலாவின் வாயில் சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார். நிலாதான் எங்களிடம் இருந்தவர்களில் சின்னவள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். அதுவரை அவள் அறிந்த இனிப்பு பேரீச்சம்பழம். இத்தனை நாள் ஏமாற்றிவிட்டாயே என்பது போல என்னைப் பார்த்தாள்.

குமார் அண்ணன் தட்டு நிறையக் கேசரியோடு வந்தார். நான் சர்க்கரையின் கெடுதல்களை விளக்கினேன்.

"இன்னாக்கா, சாமி பேர்ல குடுக்கறத வேணான்றியே. புள்ளைங்க எப்டி பாத்துக்கினு கீதுங்க பாரு."

"கேசரி மட்டும் வேணாம்ணே. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, தரேன்."

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பேசினில் ஈ மொய்க்கிறது, மூடுவதற்குக் கொடியில் காய்கிற துணியில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று வெளியிலிருந்து கேட்டார். நான் உள்ளே ரோஸ் மில்க் சிந்திய தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கோங்க என்று கத்தினேன். கொடியில் என்ன காய்கிறது என்று யோசிக்கிற நிலையிலா இருந்தேன்?

நிர்மலா மேடம் லஸ் முனையிலேயே காரை விட்டுவிட்டு நடந்து வந்தார். புடவை கசங்கி, நெற்றியில் யாரோ பூசிய விபூதியோடு, கையில் ஒரு தொன்னைக் கேசரி. பாதி சாப்பிட்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார் என்பதுதான் கொடுமை.

"நீங்களும் அன்னதானத்துல சேர்ந்திருக்கீங்க போல. கேசரிய மூடியிருக்கற துணியில உங்க இலைய பார்த்தேன். நல்ல ஐடியா. நிலாங்கறது யாரு, உங்க பொண்ணா?"

ஷபானா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் நிலாவே ஆடி ஆடி வந்து, மேடத்துக்கு முதுகைக் காட்டி, கீழே கிடந்த ஊதலை எடுக்கக் குனிந்தாள். பின்பக்கத்தில் பச்சை இலை, அதன் கீழே அழகான பூத்தையலில் அவள் பெயர்.

மேடம் அந்த இலையைப் பார்த்தார். வாசலில் பேசினைப் பார்த்தார். பிறகு தொன்னையைப் பார்த்தார்.

"துவைச்சது மேடம்," என்றேன். "வெந்நீர்ல கொதிக்க வச்சு, வெயில்ல காய வச்சது."

அவர் தண்ணீர் கேட்டார். குடிக்க அல்ல, கொப்பளிக்க. இடத்தைச் சுற்றிப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். மறுநாள் போனில், இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. வழியில் யார் யாரோ எந்தக் கையாலோ கொடுத்ததை எல்லாம் வாங்கிச் சாப்பிட்டவர், அந்தச் சந்திலேயே சுத்தமான ஒரே துணியைப் பார்த்துக் கொப்பளித்தார்!

அன்று அவர் போனதும் குமார் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கேசரி வாங்க நின்ற வரிசை சந்து முனை வரை இருந்தது. அவர் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தொவச்சதுதானே?"

"கொதிக்க வச்சது."

"அப்பறம் இன்னா? கொயந்த துணிதானே" என்று அடுத்த ஆளுக்கு அள்ளி வைத்தார். என் கொள்கையை ஒரே வார்த்தையில் ஏற்றுக்கொண்ட முதல் மனிதர்.

விஷயம் சாயங்காலத்துக்குள் மாட வீதி முழுக்கப் பரவிவிட்டது. யாருக்கும் வயிறு கெடவில்லை என்பதும் சேர்ந்தே பரவியது. அடுத்த வாரம் குமார் அண்ணன் தன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார். பின்னாலேயே பூக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடைப் பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். கேசரியையே மூடலாம் என்கிற அளவுக்குத் துவைக்கிறவர்களை நம்பலாம் என்பது அவர்கள் கணக்கு. கிரெச் பிழைத்துக்கொண்டது. ஆனால் போர்டில் எவ்வளவு பெரிதாக இலை வரைந்து வைத்தாலும், ஆட்டோக்காரரிடம் 'கேசரி ஸ்கூல்' என்று சொன்னால்தான் வழி தெரிகிறது. சர்க்கரையே இல்லாத கிரெச்சுக்கு இப்படி ஒரு பெயர்.

வருஷா வருஷம் விழாவுக்கு முதல் நாள் குமார் அண்ணன் துணி கேட்டு வந்துவிடுகிறார். கடையில் வாங்கிய புதுத்துணியை நீட்டினால் வாங்க மாட்டார். பேர் போட்டதுதான் ராசியாம். வீட்டில் நான் எதைச் செய்து மூடி வைத்தாலும், என் கணவர் முதலில் துணியின் நான்கு மூலைகளையும் திருப்பிப் பார்க்கிறார்.

"இன்னிக்கு யாரோடதும்மா?" என்கிறார்.

துவைத்தது என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.