மேலாளர் மேல் விழுந்த பூக்கள்

அக்காவுக்குக் கொடுத்த மூன்றாவது கம்ப்யூட்டரும் மிக்சி மாதிரி இரையத் தொடங்கியதும், அக்காவை வேறு ஊருக்கு மாற்றுவது என்று அலுவலகம் முடிவு செய்தது. அக்கா தொட்டதெல்லாம் சூடாகிறது. ஆகவே சூட்டுக்குக் காரணம் அக்கா. இதை ஒரு குழு போட்டுக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களின் கம்ப்யூட்டர் ஏன் சூடாகவில்லை என்று குழு கேட்கவில்லை. அவர்கள் அதைப் போடுவதே இல்லை.

அக்காவுக்குக் கைக்குழந்தை. மாற்றல் வந்தால் குழந்தை இங்கே, அம்மா அங்கே. “கம்ப்யூட்டர் படிப்ப விட்டுட்டு சும்மாதானேடா கிடக்கிற, வந்து பாரு” என்றாள். போனேன்.

பார்க்க ஒன்றுமில்லை. அக்கா நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்க வேண்டிய அலுவலக இணையதளம்தான் மொத்த கம்ப்யூட்டரையும் தின்றுகொண்டிருந்தது. அதன் உச்சியில் மேலாளர் படம். படத்தின் மேல் பூ விழும். பக்கத்து அலுவலகத் தளத்தில் விழுகிறதாம், இங்கேயும் விழ வேண்டும். அதற்கு நிரல் எழுதியவர் மேலாளரின் மாப்பிள்ளை. பூ விழ எழுதியவர், விழுந்த பூ என்ன ஆக வேண்டும் என்று எழுதவில்லை. திரைக்குக் கீழே போயும் அது விழுந்துகொண்டே இருந்தது. மதியத்துக்குள் லட்சக்கணக்கில் பூ. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று பிரவுசர் பாவம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

“விழுந்த பூவ அழிக்கணும் சார். ஒரு வரி போதும்.”

மேலாளர் முகம் சுருங்கியது. “என் மேல விழுந்த பூவையா?”

“அது கீழ போயிடுச்சு சார். யார் கண்ணுக்கும் தெரியாது.”

“தெரியலன்னாலும் இருக்குல்ல?”

“இருக்கு. அதான் சார் பிரச்சினை.”

கவுன்ட்டருக்கு வெளியே ஒரு பெரியவர் விண்ணப்பத்தால் விசிறிக்கொண்டே, “பூ நல்லாத்தான் இருக்கு, என் பென்ஷன் எங்க?” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

ஒரு மணி நேரம் ஆலோசித்து, ‘பணி நிறைவு செய்த மலர்களுக்குக் கண்ணியமான ஓய்வு வழங்கலாம்’ என்று தீர்மானம் போட்டார்கள். தளத்தின் கடவுச்சொல் திரையோரத்திலேயே ஒட்டியிருந்தது. அந்த வரியை எழுதினேன். இரைச்சல் நின்றது. அப்போதுதான் பக்கத்து மேஜைக்காரரின் குறட்டை கேட்டது.

காலையிலிருந்து திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்த பக்கம் பளிச்சென்று வந்தது. அக்காவின் மாற்றல் உத்தரவு. ‘அனுப்பு’ பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி.

“காரணம் அக்கா இல்லன்னு தெரிஞ்சுபோச்சே சார். இத ரத்து பண்ணிடுங்க.”

“கம்ப்யூட்டர் சூடாச்சா, இல்லையா?”

“ஆச்சு.”

“அப்ப உத்தரவுல தப்பில்ல. ரத்து வேணும்னா தாராளமா மனு போடலாம். ஆனா போகாத உத்தரவ எப்படிப்பா ரத்து பண்றது? முதல்ல அனுப்பு. உங்கக்கா அங்க போய்ச் சேரட்டும், அங்கேருந்து மனு போடட்டும்.”

அக்கா என்னையே பார்த்தாள். பெரியவர் எட்டிப் பார்த்து, “சட்டுனு அமுக்கு தம்பி, அடுத்தது என்னோடது” என்றார்.

நான் எழுதிய வரியை அழித்தேன். விநாடிக்குப் பத்துப் பூ என்று இருந்ததை ஆயிரம் ஆக்கினேன். கம்ப்யூட்டர் ஒருமுறை முனகிவிட்டு இரையத் தொடங்கியது. உத்தரவு உறைந்தது, பென்ஷனும் உறைந்தது, வரிசை மொத்தமும் நின்றது.

“பூ கூடியிருக்கே” என்றார் மேலாளர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இப்பதான் களையா இருக்கு. சரி, அந்த உத்தரவ அனுப்பிட்டுப் போ.”

நான் போனேன்.