எலும்பு நிபுணரிடம் கோட்டுப் போட்டுக்கொண்டு போனது

பெரிய மனிதர்களிடம் "நோகுது" என்று சொல்ல எனக்கு வராது. ஒருமுறை முடி வெட்டியவர் காதையும் கொஞ்சம் வெட்டிவிட்டார். கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தவன் நான். (வீட்டுக்கு வந்துதான் கத்தினேன்.)

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஹம்பேர்க்கில் ஒரு சிவப்பு விளக்கில் என் பழைய கார் ஒழுங்காக நின்றது. பின்னால் வந்தவர் ஒழுங்காக நிற்கவில்லை. எனக்குக் கழுத்தும் வலது தோளும் பிடித்துக்கொண்டன. நான் ஒரு உணவகத்தில் சமையல் உதவியாள். பெரிய பானையைத் தூக்க முடியாதவனுக்கு அங்கே வேலையில்லை. இடித்தவரின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. எலும்பு நிபுணர் ஒருவர் அறிக்கை எழுதித் தந்தால்தான் தோளுக்கான நீண்ட சிகிச்சையை ஏற்பார்களாம்.

அந்த நிபுணரைத் தேடி அலைந்தேன். தொலைபேசியில் ஜெர்மன் பேசப் பயம், ஆகவே நேரிலேயே போனேன். முதல் இடத்தில், கார் விபத்தென்றால் எழுத்து வேலை அதிகம், நாங்கள் எடுப்பதில்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது இடத்தில் புது ஆட்களையே எடுப்பதில்லையாம். அங்கேயும் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது இடம் பல் வைத்தியருடையது. (ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பெயர்ப்பலகையை அவசரமாக வாசிக்கக் கூடாது.) அங்கே இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். நான்காவது இடத்தில் ஒரு அம்மா கடிதத்தை முழுக்க வாசித்து, இந்தக் காப்புறுதி தங்களுக்குப் பழக்கம்தான் என்று சொல்லி, ஆறு கிழமை கழித்து டொக்டரைப் பார்க்க ஒரு டெர்மின், நாளும் நேரமும், எழுதித் தந்தார். அந்தத் துண்டைப் பேர்சில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த நாளும் வந்தது. இவ்வளவு தேடிக் கிடைத்த டொக்டருக்கு முன்னால் விபத்துக்குப் பிறகு கழுத்தில் போட்டிருந்த பட்டியோடு போய் இருப்பது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. தலைப்பாகையோடு கோயிலுக்குள் போவது மாதிரி. பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுக் கலியாணக் கோட்டை எடுத்தேன். அதற்குள் என்னைத் திணிக்க என் மனைவி புஷ்பத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

"இஞ்சேருங்கோ, வருத்தம் காட்டப் போறியளோ, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

டொக்டர் எழும்பிக் கை தந்தார். நானும் வலது கையை நீட்டினேன். கண்ணில் பூச்சி பறந்தது. சிரித்தேன். எப்படியிருக்கிறீர்கள் என்றார். நல்ல சுகம், நன்றி என்றேன். கழுத்து? நல்லது. தோள்? அதுவும் மிக நல்லது. ஒவ்வொன்றையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனையை நிறுத்தி, அப்படியானால் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

கூட வந்திருந்த புஷ்பம் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ. ஆறு கிழமையா அனுங்கினது ஆர், பக்கத்து வீட்டுக்காரரோ?" பிறகு டொக்டரிடம் தன்னுடைய ஜெர்மனில், இவர் பொய் சொல்கிறார், கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள் என்றாள்.

இடது கை வந்தது. வலது கை வரவில்லை. நான் சுற்றினேன், கோட்டும் சுற்றியது. ஒரு கை உள்ளேயும் தலை பாதி உள்ளேயுமாக நின்றபோது, என் வாயிலிருந்து "ஐயோ அம்மா" என்று ஒரு சத்தம் போனது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

டொக்டர் என்னை மெதுவாகக் கோட்டிலிருந்து எடுத்தார். கையை உயர்த்திப் பார்த்தார். பாதிக்கு மேல் அது போகவில்லை. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். அறிக்கை இரண்டு பக்கம் வந்தது. காப்புறுதி ஏற்றுக்கொண்டது. அடுத்த கோடையில் பெரிய பானையை நானே தூக்கி அடுப்பில் வைத்தேன்.

ஆனால் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டது. ஆர் சுகம் கேட்டு நான் நல்ல சுகம் என்றாலும், புஷ்பம் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். போன மாதம் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்து, "மாமா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் தம்பி, நல்ல சுகம் என்றேன்.

"கோட்டைக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாவம் அவர். அவசர அவசரமாக எழும்பித் தன்னுடைய கோட்டைக் கழற்றினார்.