ரேடியேட்டரில் ஊற்றிய சாணி

எனக்குப் பொறாமை உண்டு. எல்லோர் மேலும் இல்லை. ஒரே ஆள் மேல்தான். என் சகலை முருகேசன்.

எனக்கு நான்கு வருடம் கழித்து மாமனார் வீட்டுக்கு மருமகனாக வந்தவர். தஞ்சாவூரில் வேலை. வெள்ளைக் கார். கார் வந்ததிலிருந்து மாமனார் என்னை "வாங்க" என்பார். அவரை "வாங்க வாங்க" என்பார். (இதைக் கூடவா கவனிப்பார்கள் என்று கேட்காதீர்கள். கவனித்தேன்.)

மச்சான் கார்த்திக்குத் திருவையாற்றில் பெண் பார்க்கும் நாள். அது ஆறாவது இடம். ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி பார்க்கவே வேண்டாம் என்று கார்த்தி சொல்லிவிட்டான். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும்.

சகலை மாமனாரையும் கார்த்தியையும் ஏற்றிக்கொண்டு, என்னையும் என் மனைவியையும் கூட்டிப்போகத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். கார் வாசலில் நின்றதும் அடியில் தண்ணீர் சொட்டியது. ரேடியேட்டரில் ஓட்டை. எனக்கு உள்ளே இனித்தது. வெளியே உச்சுக் கொட்டினேன்.

மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும் என்றார் சகலை. மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பாக்குறேன்," என்றேன்.

"ஏங்க, சும்மா இருங்க," என்றாள் மனைவி.

சும்மா இருக்கவில்லை. வயலில் பம்பு தண்ணீர் பிடிக்காமல் காற்று இழுத்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம். சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கொட்டும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பம்பு இன்ஜினும் இன்ஜின், கார் இன்ஜினும் இன்ஜின். (நான் எட்டாவது வரை படித்தவன்.)

இன்ஜின் ஆறியதும் அரை வாளி கரைத்தேன். பழைய வேட்டியில் மூன்று முறை வடிகட்டினேன். ஊற்றினேன். சகலை தடுத்தார். மரியாதையாகத்தான் தடுத்தார். அதனாலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

சொட்டு நின்றது.

மாமனார் குனிந்து பார்த்தார். "பெரிய மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான். இன்ஜினை நீங்கதான் கவனிக்கணும், முன்னால உக்காருங்க," என்றார். தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார். அந்தக் காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியை இறக்கிவிட்டேன். தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்களா என்று பார்த்தேன். கண்டியூர் வரை ஒருவரும் வரவில்லை.

திருவையாற்றில் நுழையும்போது சூடு காட்டும் முள் உச்சியில் நின்றது. பெண் வீட்டு வாசலில் நிறுத்தினோம். மணி பத்து இருபது. பெண்ணின் அப்பா கைகூப்பி வந்தார். நான் நேராக பானெட்டைத் திறந்தேன். மூடியைத் தொடாதீர்கள் என்று சகலை கத்துவதற்குள் துண்டைப் போட்டுத் திருகிவிட்டேன்.

மூடி பறந்தது. பின்னாலேயே பச்சைத் தண்ணீர். நான் உட்கார்ந்துவிட்டேன். அது வேப்பமரத்தில் அடித்துக் கீழே மழையாக இறங்கியது. மாமனாரின் பட்டு வேட்டி. பழத்தட்டு. பெண்ணின் அப்பாவின் வெள்ளைச் சட்டை. நல்லவேளை, யாருக்கும் சுடவில்லை. நாற்றம் மட்டும்தான்.

பெண்ணின் அப்பா சட்டையை முகர்ந்தார்.

"என்னங்க இது?"

"சாணிங்க."

"கார்லயா?"

"ஆமாங்க. நான்தான் ஊத்துனேன்."

மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. ஆறாவது இடமும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது சன்னலுக்கு உள்ளே ஒரு பெண் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கார்த்தியும் சிரித்துவிட்டான். தலையெல்லாம் சாணியோடு.

பெண்ணின் அப்பா எல்லோருக்கும் மாற்று வேட்டி கொடுத்தார். அன்றே பேசி முடித்தார்கள். "நான் சிரிச்சதும் அவரும் கூடவே சிரிச்சாருப்பா, போதும்," என்று பெண் மலர் அப்பாவிடம் சொன்னாளாம்.

ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. சகலை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கார்த்திக்கும் மலருக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள். வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதையைக் கேட்பார்கள். என்னிடம் இல்லை, சகலையிடம். அவர் சொன்னால் மாமனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். ஒரு தடவை நான் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள்.

சாணி கரைத்தவன் நான். அதனால்தான் எழுதி வைத்தேன்.